வேலைக்குப் போகாத மதிப்பு: முத்துக்குளித்துறை மனைவியரும் வர்க்கமும்

"மனைவி எப்போதும் கணவன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும்." "வேலைவாய்ப்பு குறைந்த காலத்தில் பெண்களைவிட ஆண்களுக்கே வேலையில் அதிக உரிமை வேண்டும்." இப்படிச் சில வாக்கியங்களை வாசித்துக் காட்டி, ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்பது உலகெங்கும் நடக்கும் கருத்தாய்வுகளின் வழக்கம். பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் 29,999 பேரிடம் இவ்வாறு கேட்டது. 2022இல் வெளியான அதன் அறிக்கையின்படி, முதல் வாக்கியத்தை நூற்றுக்கு 87 பேர் முழுமையாகவோ பெருமளவிலோ ஏற்றார்கள். முழுமையாக ஏற்றவர்கள் ஆண்களில் 67 சதவீதம், பெண்களில் 61 சதவீதம். இரண்டாவது வாக்கியத்தை ஏறத்தாழ 80 சதவீதத்தினர் ஏற்றார்கள். 61 நாடுகளில் இதே வாக்கியத்தை முழுமையாக ஏற்றவர்களின் இடைநிலை அளவு 17 சதவீதம்தான். இந்தியாவில் அது ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு.

இந்த எண்களைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்துவது எளிது. படிப்பும் வருமானமும் பெருகினால் இந்தியப் பெண்களின் மனமும் மாறிவிடும் என்று முடிவு சொல்வதும் எளிது. ஆனால் தூத்துக்குடி நகரத்திலிருந்து தெற்கே மணப்பாடு வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நீளும் முத்துக்குளித்துறைக் கரையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்த முடிவு ஆட்டம் காண்கிறது. உப்பளத்தில் தலைச்சுமை தூக்குகிறவர், உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர், கடலுக்குப் போகிறவரின் மனைவி, காயல்பட்டினத்து வணிகக் குடும்பத்துப் பெண் ஆகிய நால்வரும் மேற்சொன்ன வாக்கியங்களுக்கு ஒரே பதிலைச் சொல்லக்கூடும். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை நான்கும் வேறு வேறு.

மணமான பெண் குடும்பக் கடமைகளைப் பற்றிச் சொல்லும் கருத்தை மரபின் எதிரொலியாக மட்டும் படிப்பது அவளுக்குச் செய்யும் அநீதி என்பதே என் வாதம். வாசலுக்கு வெளியே தனக்குக் காத்திருக்கும் வேலை எப்படிப்பட்டது, வாசலுக்கு உள்ளே தன் பெயரில் இருப்பது என்ன என்ற இரண்டையும் எடைபோட்டு அவள் சொல்லும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பில் வர்க்கம் இருக்கிறது.

வேலையிலிருந்து விலகுவது ஏற்றம்

பொருளியலாளர் எஸ்தர் போஸ்ரப் 1970இல் எழுதிய நூல், வளர்ச்சி என்ற பெயரில் நடந்த மாற்றங்கள் பல நாடுகளில் பெண்களின் உழைப்பை ஓரங்கட்டியதைக் காட்டியது. 2023இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், நாடுகள் வறுமையிலிருந்து வளம் நோக்கிப் போகும்போது மணமான பெண்களின் வேலைப் பங்கேற்பு முதலில் இறங்கிப் பின்னர் ஏறுவதை விளக்கினார். அந்த இறக்கத்துக்கு அவர் தந்த காரணங்களில் ஒன்று நம் கரைக்கு மிகவும் பொருந்துகிறது. வயலிலிருந்தும் வீட்டுத் தொழிலிலிருந்தும் தொழிற்சாலையின் உடலுழைப்புக்கு மனைவியை அனுப்பும் கணவன் சோம்பேறி என்றோ கையாலாகாதவன் என்றோ ஊர் பேசும். படித்த பெண்களுக்கு அலுவலக வேலைகள் திறக்கும்போது அந்தப் பழி தேய்கிறது. பங்கேற்பு மறுபடி ஏறுகிறது.

இந்தியாவில் இதற்குச் சாதியும் சேர்ந்துகொள்கிறது. மேலேற விரும்பும் சாதிகள் தங்கள் பெண்களை வெளிவேலையிலிருந்து விலக்கிக்கொள்வதைச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் எழுதியிருக்கிறார். தமிழக ஊர் ஒன்றை ஆராய்ந்து காரின் கபாடியா 1995இல் வெளியிட்ட நூல், பிராமணரல்லாத குடும்பங்கள் வசதி பெறப் பெற, பெண்களுக்கு முன்பிருந்த மதிப்பும் உரிமையும் குறைந்ததைக் காட்டுகிறது. ஏழைக் குடும்பத்தில் கூலியோடு வந்த குரல், பணம் வந்த குடும்பத்தில் அடங்கிப்போகிறது. அப்படியிருந்தும் ஏழைக் குடும்பத்துத் தாய் தன் மகளுக்கு ஆசைப்படுவது அந்த வசதியான வீட்டைத்தான். ஏன் என்பதற்கு விடை அளத்தில் இருக்கிறது.

அளம்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்து அளங்களில் விளைகிறது. கடல்நீரைத் தெப்பங்களில் தேக்கி, பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் உறையவிட்டு எடுக்கும் தொழில் இது. பாத்தியில் உறைந்த உப்பை ஆண்கள் வாரி ஒதுக்க, பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளித் தலைச்சுமையாக வரப்பேறிக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவது பல தலைமுறைகளாக நிலைத்திருக்கும் வேலைப் பிரிவினை. வெயிலுக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்பே அளத்தில் இறங்குகிறார்கள். உப்புநீரில் பாதம் வெடிக்கும். வெள்ளைப் பரப்பில் தெறிக்கும் ஒளியில் கண் கெடும். தலைச்சுமை தூக்கும் பெண்ணின் கூலி வாருகிற ஆணின் கூலியைவிடக் குறைவு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அந்தக் கூலியும் இல்லை. மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு வழங்கத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து தங்கி, விசாரித்து, 1979இல் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அவர் கண்ட அளத்துக்கும் இன்றைய அளத்துக்கும் எந்திரங்களில் வேற்றுமை உண்டு. தலைச்சுமை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

இந்தப் பெண்ணிடம், குடும்பத்துக்குச் சம்பாதிப்பது ஆணின் கடமையா என்று கேட்டால் ஆம் என்பார். அவரைப் பழமையில் ஊறியவர் என்று குறித்துக்கொண்டு போவது ஆய்வாகாது. அவருக்குத் தெரிந்த "பெண் வேலை" இந்தச் சுமைதான். கணவன் சம்பாதித்துப் போட, வீட்டில் இருப்பது என்பது அவருக்கு ஓய்வு, நிழல், ஆறாத புண் ஆறுவதற்கான அவகாசம். உலகின் வளமான நாடுகளில் நல்ல சம்பளமும் மகப்பேற்று விடுப்பும் உள்ள பெண் வேலைக்குப் போவதை விடுதலையாகக் காண்பதும், இவர் வேலைக்குப் போகாதிருப்பதை விடுதலையாகக் காண்பதும் ஒரே தர்க்கத்தில் பிறந்தவை. இருவரும் கண்ணியத்தைத் தேடுகிறார்கள்.

விடிலி

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. பனையேறி மரமேறிப் பதநீர் இறக்குவார். அதன் பிறகு நடப்பது எல்லாம் பெரும்பாலும் அவர் மனைவியின் வேலை. ஓலைக் குடிசையான விடிலியில் அடுப்பு மூட்டி, பதநீரை ஊற்றி, பல மணிநேரம் புகையில் நின்று துழாவி, பதம் பார்த்து இறக்கி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். அந்தப் பதம் அவர் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. ஆயினும் தொழில் பனையேறியின் பெயரில்தான் வழங்குகிறது; கணக்கெடுக்க வருகிறவரிடம் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவராகிவிடுகிறார்.

இந்தக் கணக்கு வழுவைத் தேசியப் புள்ளிவிவரங்களே ஓரளவு அறியும். இந்தியாவின் தொழிலாளர் ஆய்வு, வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கு 92 என்றும், வீட்டு வேலையோடு விறகு சேகரிப்பது, தைப்பது, முடைவது போன்றவற்றையும் செய்பவர்களுக்கு 93 என்றும் எண் கொடுத்திருக்கிறது. இரு எண்களுமே "தொழிலாளர்" பட்டியலுக்கு வெளியில் நிற்கின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதையும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதையும் பதிந்தது. ஐந்து மணிநேரம் உழைப்பவரை உழைக்காதவர் என்று எழுதிவிட்டு, "பெண் வேலைக்குப் போகலாமா" என்று அவரிடமே கருத்துக் கேட்கிறோம்.

கடற்கரை

இக்கரையின் பரதவர்கள் 1530களில் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று போனது. அந்தப் பணத்தை இக்கரைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்குத் தரும்படி பிரான்சிஸ் சவேரியார் அரசிக்கு எழுதினார். மூச்சடக்கி மூழ்கியவனின் மனைவியையும் லிஸ்பன் அரண்மனைப் பெண்ணையும் ஒரே வரி இணைத்திருந்தது. நாடுகளைக் கடந்த வர்க்க உறவு இக்கரைக்குப் புதிதல்ல.

அதே சவேரியார் 1544இல் தம் உடன்பணியாளருக்கு எழுதிய கடிதத்தில், சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டமும் சிறையும் விதிக்கச் சொன்னார். தண்டம் விதிக்க வேண்டியிருந்தது என்றால் குடித்த பெண்கள் இருந்தார்கள் என்று பொருள். "நம் பெண்கள் என்றும் இப்படித்தான் இருந்தார்கள்" என்று இன்று சொல்லப்படும் அடக்கத்தின் ஒரு பகுதி, நாள் குறித்துச் சொல்லத்தக்க சட்டங்களால் உருவாக்கப்பட்டது.

சமூகத்துக்குள்ளும் தட்டுகள் இருந்தன. தூத்துக்குடிப் பரதவரிடையே தோணிகளும் வணிகமும் உடைய மேசைக்காரர், மீன்பிடித்தும் மூழ்கியும் பிழைத்த கமாரக்காரர் என்ற பிரிவினை நிலவியதை வரலாற்றாசிரியர் சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். மேல்தட்டுப் பெண்ணுக்கும் கீழ்த்தட்டுப் பெண்ணுக்கும் கோயில் ஒன்று, மாதா ஒன்று. கொள்வினை கொடுப்பினை மட்டும் இல்லை.

மீனவர் குடும்பத்தில் மனைவியின் இடம் எது? குமரிக் கடற்கரை முக்குவர் பெண்களைப் பற்றி மானிடவியலாளர் கல்பனா ராம் 1991இல் எழுதிய நூல் இதற்குச் சிறந்த வழிகாட்டி. கடலும் கடற்கரைத் தொழிலிடமும் பெண்ணுக்கு விலக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கணவன் கடலிலோ வெளியூர்த் தங்கலிலோ இருக்கும் குடும்பத்தில் வரவு செலவு, கடன் வாங்குவது, கொடுப்பது, நகையை அடகு வைப்பது, மீட்பது, மகளின் சீதனத்துக்குச் சேர்ப்பது எல்லாம் பெண்களின் கையில். அவர்களுக்குள் ஓடும் கடன் வலையில்தான் தொழிலே நிற்கிறது. அவர் கண்ட குமரிக்கரைக்கும் நம் கரைக்கும் இவ்விதத்தில் பெரிய தூரமில்லை. முத்துக்குளிப்பில் மூழ்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான் என்று இக்கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலி தன் கையில் இருப்பதை அவன் மறக்க மாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கடலுக்கே போகாத மனைவியின் உறவுதான் கடலில் இருக்கிறவனின் உயிருக்குப் பொறுப்பு என்று அந்தப் பேச்சு ஒப்புக்கொள்கிறது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோயிற்று. மனைவியின் பொறுப்பு நிற்கவில்லை.

வெளியே போகும் மீனவப் பெண், அதாவது மீன் விற்கிறவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர், கைம்பெண், அல்லது கணவன் குடிக்குத் தொலைத்த குடும்பத்தைத் தூக்கிச் சுமப்பவர். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவர் வாடை அடிப்பதாகச் சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சரே கண்டித்தார், நடவடிக்கை எடுக்கப்பட்டது. அப்படி நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அது செய்தி. தெரியாமல் நடப்பவற்றை அந்தப் பெண்களின் மகள்கள் அறிவார்கள். பெட்டி சுமக்க மாட்டேன், கல்யாணம் ஆனால் வீட்டில்தான் இருப்பேன் என்று ஒரு மகள் சொல்வதைக் கேட்டு, ஆணாதிக்கத்தை ஏற்றுக்கொண்டாள் என்று முடிவு கட்டுவோமானால், அவள் எதை மறுக்கிறாள் என்பதை நாம் கேட்கவே இல்லை.

காயல்பட்டினம்

தூத்துக்குடிக்குச் சற்றுத் தெற்கே முற்றிலும் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் திருமணத்துக்குப் பின் மணமகன் மணமகள் வீட்டுக்கு வருகிறான். வீடு மகளுக்குப் போகிறது. ஆண்கள் கொழும்பு, ஹாங்காங் என்று மாணிக்கக்கல் வணிகத்துக்கும் பிற தொழில்களுக்கும் போய்வர, பெண்கள் தாயோடும் சகோதரிகளோடும் பிறந்த வீட்டிலேயே வாழ்கிறார்கள். தெருவுக்கு வராமல் வீடு விட்டு வீடு போகப் பெண்களுக்கென்று முடுக்குகள் உண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இலங்கையின் கிழக்குக்கரை முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இதையொத்த வழக்கத்தை விரிவாக ஆராய்ந்து, கடலின் இரு கரைகளையும் ஒப்பிட்டிருக்கிறார். மட்டக்களப்புப் பக்கமும் வீடு மகளுக்கே சீதனம்.

இங்கே பெண் வெளிவேலைக்குப் போவதில்லை. பொதுவெளியில் அவர் முகம் குறைவு. கருத்தாய்வின் அளவுகோலில் இவர் மிகவும் மரபு சார்ந்தவர் என்று பதியப்படுவார். ஆனால் கணவனோடு முரண்பாடு வந்தால் வீட்டைவிட்டுப் போக வேண்டியவர் அவர் அல்ல. இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நிலமோ வீடோ இல்லாத மணமான பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனின் நீடித்த உடல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். வீடும் நிலமும் தன் பெயரில் இருந்தவர்களில் அது 7 சதவீதம்.

உப்பளப் பெண்ணுக்குக் கூலி உண்டு, வீடு இல்லை. காயல்பட்டினத்துப் பெண்ணுக்கு வீடு உண்டு, கூலி இல்லை. கருப்பட்டி காய்ச்சுகிறவருக்குத் தொழில் உண்டு, அதில் பெயர் இல்லை. மீனவரின் மனைவிக்கு நிர்வாகம் உண்டு, பதவி இல்லை. "மரபு" என்றும் "நவீனம்" என்றும் இருமுனை கொண்ட ஒற்றைக் கோட்டில் இந்த நால்வரையும் நிறுத்த முடியாது. இலங்கையையே பாருங்கள். பெண் கல்வியில் தெற்காசியாவுக்கே முன்னோடியான அந்நாட்டில் உழைப்புச் சந்தையில் இருக்கும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். எழுத்தறிவு மட்டும் வாசலைத் திறந்துவிடுவதில்லை.

திண்ணைக்குள் உலகச் சந்தை

மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிய பின்னல் லேஸ் தொழிலை, அவர் மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபின் அங்கும் பரப்பினார். வெளியே போகாமல் காசு ஈட்டலாம் என்ற வாய்ப்பு ஏழைப் பெண்களுக்கு அப்போது பெரிது. ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தை ஆந்திரத்தின் நரசாபுரத்தில் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆராய்ந்து 1982இல் எழுதினார். அங்கே காப்பு சாதிப் பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் லேஸ் பின்னினார்கள். அது மேலைநாட்டு வீடுகளுக்குப் போயிற்று, வணிகர்கள் செழித்தார்கள். பின்னியவர்களோ தங்களைத் தொழிலாளர் என்று எண்ணவில்லை, வீட்டிலிருக்கும் குடும்பப் பெண்கள் என்றே எண்ணினார்கள். வயலில் கூலிக்குப் போன தலித் பெண்கள் இவர்களைவிட அதிகம் ஈட்டினார்கள். ஆனாலும் தாங்கள் அவர்களைவிட மேலானவர்கள் என்பதில் இவர்களுக்கு ஐயமில்லை.

பால்நிலைக் கருத்தும் வர்க்கமும் எவ்வாறு பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. "வீட்டில் இருக்கிறேன்" என்ற சொல், கணவனைப் பார்த்துச் சொல்லப்படும் பணிவைவிட, வயலில் நிற்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படும் உயர்வாக இருந்தது. அந்த உயர்வின் விலையைக் கூலியில் கொடுத்தவரும் அவரே.

கருத்தை மாற்றுவதா, கணக்கை மாற்றுவதா

இதனால் பெண்களின் ஒப்புதல் எல்லாமே நியாயம் என்றாகிவிடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று இந்தியப் பெண்களில் 45 சதவீதத்தினரும் ஆண்களில் 44 சதவீதத்தினரும் சொன்னார்கள். தெலங்கானாவில் அப்படிச் சொன்ன பெண்கள் 80 சதவீதத்துக்கும் மேல். இமாச்சலப் பிரதேசத்தில் 15 சதவீதம். பெண்கள் வேலைக்குப் போவதில் முன்னணியில் உள்ள தெலங்கானா இதில் இவ்வளவு மோசமாக இருப்பது, கூலி மட்டும் போதாது என்று சொல்கிறது. அடியைப் பொறுப்பது விதி என்று பழகிய மனத்தை நோக்கிப் பேசத்தான் வேண்டும். ஆனால் வெளியேற இடமில்லாத பெண்ணிடம் பேச்சை மட்டும் கொண்டுபோவது கொடுமை.

ஆகவே என் கோரிக்கை இரண்டு தளங்களில் இருக்கிறது. முதலாவது ஆய்வாளர்களுக்கு. "பெண் வேலைக்குப் போகலாமா" என்று கேட்கும்போதே, எந்த வேலை, என்ன கூலி, போய்வர என்ன வழி, பிள்ளையை யார் பார்ப்பார், வீடு யார் பெயரில் என்றும் கேளுங்கள். இவற்றைக் கேட்காமல் நாடுகளை ஒப்பிடுவது, அவற்றில் கிடைக்கும் வேலைகளின் தரத்தைப் பெண்களின் மனமாக எண்ணி அளப்பதாகும்.

இரண்டாவது ஆட்சியாளர்களுக்கும் நமக்கும். தமிழ்நாட்டில் சில நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. 1989இலேயே இந்து மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்த சட்டம் இங்கு வந்தது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை போகிறது. வீட்டுழைப்புக்கு மதிப்புண்டு என்று ஓர் அரசு சொல்லியிருப்பது சிறியதல்ல. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. இவற்றோடு நிற்கக் கூடாது. அளத்தில் பெட்டி சுமக்கும் பெண்ணுக்கு வாருகிற ஆணுக்குரிய கூலி வேண்டும். நிழலும் கண்ணாடியும் காலணியும் முதலாளியின் கடமையாக வேண்டும். விடிலியில் நிற்பவர் கருப்பட்டிக் கூட்டுறவில் தன் பெயரில் உறுப்பினராக வேண்டும். மீன் விற்கும் பெண் தன் பெட்டியோடு ஏற ஒரு பேருந்து, விற்க ஒரு கூரை, ஏலத்தில் ஓர் இடம் வேண்டும். காயல்பட்டினத்துத் தாய் மகளுக்குத் தரும் வீடு, எல்லாச் சாதியிலும் மதத்திலும் மகள்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இவை நடந்த பிறகு அதே வாக்கியங்களை அதே பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அப்போதும் ஒருவர் வீட்டில் இருப்பதையே விரும்புகிறேன் என்றால், அதை அவர் விருப்பம் என்று முழு மரியாதையோடு எழுதிக்கொள்ளலாம். தலைச்சுமைக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு வாங்கும் பதிலை விருப்பம் என்று எழுதும் உரிமை நமக்கு இல்லை.